தனிக் கம்பியா, தனிக் குழியா? கோவை மில்களில் எர்த்து வந்த கதை

ஆடியோவுல கேட்டவங்களுக்குத் தெரியும், இந்த எபிசோடு ஒன்றேகால் மணி நேரம் ஓடுச்சு. அதுல என்னோட "அதாவது", "ஆக்சுவலா" எல்லாத்தையும் வெட்டிட்டு, விட்டுப்போன ரெண்டு கணக்கைச் சேர்த்து எழுதினதுதான் இது.

இப்போ நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். சரவணம்பட்டியில உக்காந்து யாரோ எங்கேயோ வச்சிருக்கிற சர்வருக்குக் கோடு எழுதறேன். தப்பு பண்ணா ஒரு பக்கம் லோடு ஆகாது, மேனேஜர் மெசேஜ் பண்ணுவார், அவ்வளவுதான். ஆனா படிச்சது ட்ரிபிள் ஈ. காலேஜ் முடிச்சதும் முதல்ல சேர்ந்தது ஒரு சின்ன ஆட்டோமேஷன் கம்பெனியில. மில்லுகளுக்கு பி.எல்.சி. பேனல் கட்டிக் கொடுக்கிற வேலை. பி.எல்.சி.ன்னா தொழிற்சாலை மெஷினை ஓட்டுற சின்ன கம்ப்யூட்டர். சென்சார் சொல்றதைக் கேட்டு மோட்டாரைப் போடும், நிறுத்தும். அங்க நான் பண்ண ஒரு தப்புல ஒருத்தர் செத்திருக்கலாம். சாகல. ஏன் அந்தத் தப்பைப் பண்ணேன்னு யோசிச்சுட்டே போனா, விஷயம் 1932க்குப் போய் நிக்குது. அதனாலதான் இதை ஹிஸ்டரி எபிசோடுல சொல்றேன்.

முதல்ல சம்பவம். ஊருக்கு வெளிய ஒரு ஸ்பின்னிங் மில். பேர் வேண்டாம். ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்டுக்கு, அதாவது மில்லுக்குள்ள காத்துல ஈரப்பதம் குறையாம பாத்துக்கிற பெரிய ஃபேன், பம்ப் செட்டப்புக்கு, நாங்க புதுசா பி.எல்.சி. போட்டோம். பகல்ல அருமையா ஓடுச்சு. ராத்திரி மூணாவது ஷிப்ட்ல, பெரிய ஃபேனோட வி.எஃப்.டி. வேகம் எடுக்கிறப்ப, பி.எல்.சி. தன்னால ரீசெட் ஆகும். மறுபடி எந்திரிக்கும். ஈரப்பதம் காட்டுற ரீடிங் 58, 71, 40ன்னு தாயம் உருட்டுற மாதிரி குதிக்கும். பஞ்சு காய்ஞ்சா நூல் அறுகும். நூல் அறுந்தா ஸ்பின்னிங் மாஸ்டர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார், வெறும் பார்வைதான்.

பி.எல்.சி. மேனுவலைத் திறந்தேன். கன்ட்ரோலருக்கு டெடிகேட்டட் எர்த்து வேணும்னு போட்டிருந்துச்சு. தமிழ்ல "தனி எர்த்து". நான் சைட் இன்சார்ஜ்கிட்ட சொன்னேன், அவரும் தலையாட்டினார், ரெண்டு ஆள் வந்து பேனலுக்குப் பின்னாடி சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழி வெட்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, புதுக் கம்பி இழுத்தாங்க. பழைய எர்த்துக் கம்பியைக் கழட்டிட்டோம். அன்னிக்கு ராத்திரி ரீசெட் ஆகல. அடுத்த நாளும் ஆகல. எனக்கு இருபத்திரண்டு வயசு. நான்தான் ஜி.டி. நாயுடுன்னு நினைச்சுக்கிட்டேன்.

மூணு வாரம் கழிச்சு ஒரு ஆயிலர் அண்ணன், ஒரு கையை ரிங் ஃப்ரேம்ல வச்சுக்கிட்டு இன்னொரு கையை எங்க பேனல் கதவுல வச்சார். தூக்கி எறிஞ்சுடுச்சு. கீழ விழுந்ததுல மணிக்கட்டு முறிஞ்சது. கை ஒட்டிக்காம விட்டதால பிழைச்சார்.

இதை இங்க நிறுத்திட்டு, கொஞ்சம் பின்னாடி போவோம்.

கோயம்புத்தூர்ல முதல் பஞ்சாலை 1888ல ராபர்ட் ஸ்டேன்ஸ் ஆரம்பிச்சது. நம்ம ஊரு வாய்ல அது ஸ்டேன்ஸ் மில். அந்தக் காலத்து மில்லுல ஒரு நீராவி இன்ஜின் இருக்கும். அதுல இருந்து கூரைக்குக் கீழ நீளமா ஒரு இரும்புத் தண்டு ஓடும். ஒவ்வொரு மெஷினுக்கும் அந்தத் தண்டுல இருந்து தோல் பெல்ட் இறங்கும். ஆபத்து கண்ணுக்குத் தெரியும்: பெல்ட் சுத்துது, வேட்டி மாட்டும், தள்ளி நில்லு. மெஷினைத் தொட்டா சாவுன்னு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

1932ல பைக்காரா கரண்ட் வந்துச்சு. நீலகிரியில பைக்காரா ஆத்துத் தண்ணியைக் குழாய்ல சுமார் 3000 அடி கீழ இறக்கி, சிங்காராவுல டர்பைனைச் சுத்த வச்சாங்க. அந்த வேலை 1929ல தொடங்குச்சு. மெட்ராஸ் அரசாங்கத்துல சட்ட உறுப்பினரா இருந்த சர் சி.பி. ராமசுவாமி ஐயர் இந்தத் திட்டத்துக்காக விடாம நின்னவர். அங்க இருந்து 66 கிலோவோல்ட் லைன் மலையிறங்கி கோயம்புத்தூர் வந்துச்சு. அதுக்கப்புறம் நடந்தது நமக்குத் தெரியும். மில்லுக்கு மேல மில்லு. மில்லுக்கு மோட்டார், மோட்டாருக்கு வைண்டிங், கிணத்துக்கு பம்ப், பம்புக்கு ஃபவுண்டரி. 1937ல ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டுல மோட்டார் செஞ்சாங்க. இந்தியாவுல செஞ்ச முதல் மோட்டார்னு அதைத்தான் சொல்றாங்க.

இந்தக் கதையை நம்ம ஊர்ல நூறு தடவை கேட்டிருப்பீங்க. பைக்காரா வந்துச்சு, ஊரு மான்செஸ்டர் ஆச்சு, சுபம். இதுல யாரும் பேசாத ஒண்ணு இருக்கு. கரண்டோட சேர்ந்து எர்த்துக் குழியும் மலையிறங்கி வந்துச்சு.

எர்த்துன்னா என்ன? தந்தியில மண்ணைப் பயன்படுத்தினது பாதுகாப்புக்கு இல்ல, சிக்கனத்துக்கு. தந்திக்கு ரெண்டு கம்பி வேணும், போக ஒண்ணு, திரும்பி வர ஒண்ணு. 1838ல ஜெர்மனியில ஸ்டெய்ன்ஹைல்னு ஒருத்தர், திரும்பி வர்ற கம்பிக்குப் பதிலா மண்ணே போதும்னு கண்டுபிடிச்சார். பாதிக் கம்பிச் செலவு மிச்சம். எங்க தாத்தா தோட்டத்து மோட்டார் ரூம்ல நியூட்ரல் வராத மூணு ஃபேஸ் லைன்ல இருந்து ஒரு ஃபேஸை எடுத்து, இன்னொரு முனையை எர்த்துக் கம்பியில கட்டி, குண்டு பல்பு எரிய விட்டிருந்தார். ஸ்டெய்ன்ஹைலைப் பத்தி அவர் கேள்விப்பட்டதே இல்ல. அது ஆபத்து, தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க. ஆனா அவருக்கு மண்ணுன்னா அந்த அர்த்தம்தான்: கரண்ட் திரும்பிப் போற வழி.

மோட்டார் வந்ததும் எர்த்துக்கு ரெண்டாவது அர்த்தம் வந்துச்சு. மோட்டாருக்குள்ள இன்சுலேஷன் போனா, அதோட இரும்பு உடம்புக்கே கரண்ட் வரும். அதைத் தொட்டா ஆள் காலி. அதனால உடம்பை எர்த்து பண்ணணும். சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த இந்திய மின்சார விதிகள் 1956ல, 61ஆவது விதி இதைக் கறாரா சொல்லுச்சு: மோட்டாரோட ஃப்ரேமை ரெண்டு தனித்தனி இணைப்புகளால எர்த்தோட சேர்க்கணும். ஒண்ணு துருப்பிடிச்சு அறுந்தா இன்னொண்ணு காப்பாத்தும். 1966ல எர்த்து போடறதுக்குன்னே ஐ.எஸ். 3043ன்னு ஒரு இந்தியத் தர விதிமுறை வந்துச்சு. 1987லயும் 2018லயும் திருத்தியிருக்காங்க. பைப் எவ்வளவு நீளம், தகடு எவ்வளவு தடிமன், எல்லாம் அதுல இருக்கு.

இதுக்கு மேல கொங்கு மண்ணோட தனிக் கஷ்டம் ஒண்ணு. நமக்கு மழை கம்மி. மேற்குத் தொடர்ச்சி மலை மழையை அந்தப் பக்கமே பிடிச்சு வச்சுக்குது, பாலக்காட்டுக் கணவாய் காத்தை மட்டும் அனுப்புது. மேல செம்மண்ணோ கரிசலோ கொஞ்சம், தோண்டினா பாறை. காய்ஞ்ச மண்ணும் பாறையும் கரண்டை சுலபமா விடாது. அதனாலதான் குழியில கரி; அது ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். உப்பு, அது கரைஞ்சு மண்ணுல கரண்ட் ஓட வைக்கும். சித்திரை மாசம் மில்லுல எலக்ட்ரீஷியன் காலையில வந்ததும் முதல் வேலையா எர்த்துக் குழிக்கு ஒரு பக்கெட் தண்ணி ஊத்துவார். செடிக்கு ஊத்தற மாதிரியேதான். சின்ன வயசுல இதைப் பார்த்து, அந்தக் குழியில ஏதோ முளைக்கும்னு நான் நம்பியிருக்கேன். உப்பு இன்னொரு வேலையும் பண்ணும், ஜி.ஐ. பைப்பைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். அதனால சில வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடியும் குழி.

இப்படி ரெண்டு மூணு தலைமுறையா, எர்த்துன்னா குழின்னு ஆயிடுச்சு. இன்ஸ்பெக்டர் வந்தாலும் குழியைத்தான் பார்ப்பார், புது மெஷின் வந்தாலும் குழியைத்தான் வெட்டுவோம். மாமா டெஸ்டர் வச்சுப் பார்த்து "எர்த்து வீக்கா இருக்குது"ன்னா, கையில கடப்பாரையைத் தேடுவார். குழிக்கும் மெஷினுக்கும் நடுவுல போற கம்பியை யாரும் ஒரு பொருளா மதிச்ச மாதிரி எனக்குத் தெரியல. இது என்னோட கருத்து. மறுத்து எழுதுங்க, படிக்கிறேன்.

இப்போ அமெரிக்கா. 1968 புத்தாண்டு தினம். டிக் மோர்லின்னு ஒரு இன்ஜினியர், முந்தின ராத்திரி பார்ட்டியோட தலைவலியில உக்காந்து, ஒரு புது விதமான கன்ட்ரோலருக்குக் குறிப்பு எழுதினார். தலைவலி விஷயம் அவரே சொன்னதுதான். அதே வருஷம் ஜெனரல் மோட்டார்ஸோட ஹைட்ரமேட்டிக் பிரிவும் இது மாதிரி ஒண்ணைத் தேடிட்டிருந்துச்சு. அவங்க தொல்லை என்னன்னா, ஒவ்வொரு கார் மாடல் மாறும்போதும் நூத்துக்கணக்கான ரிலேயை அவுத்து மறுபடி வயர் பண்ணணும். மோர்லி டீம் செஞ்ச மெஷினுக்குப் பேர் மாடிகான் 084. அவங்க கம்பெனியோட 84ஆவது ப்ராஜெக்ட், அதனால அந்த நம்பர். எனக்குப் பிடிச்ச டீட்டெயில்: அதுல ஃபேன் கிடையாது. ஃபேக்டரி தூசியை உள்ள இழுக்கக் கூடாதுன்னு மூடின பெட்டியா கட்டினாங்க. பஞ்சு பறக்கிற நம்ம மில்லுக்கு இதைவிடப் பொருத்தமா யாரு யோசிப்பாங்க? புரோகிராமையும் எலக்ட்ரீஷியன் வரையற ரிலே படம் மாதிரியே எழுதினாங்க, ஏணி மாதிரி இருக்கும், லேடர் லாஜிக். ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அதேதான்.

கோவைக்கு இது மெதுவா வந்துச்சு. 1962ல சுவிட்சர்லாந்தோட ரீட்டர் கம்பெனி கூட்டுல லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் ஆரம்பிச்சாங்க, நூற்பு மெஷினே நம்ம ஊர்ல தயாராச்சு. எண்பதுகள், தொண்ணூறுகள்ல மெஷினுக்குள்ள எலக்ட்ரானிக்ஸ் கார்டு நுழைஞ்சது. 1999 ஏப்ரல் 1ல மத்திய அரசு ஜவுளித் துறைக்குத் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் கொண்டு வந்துச்சு, மெஷின் மாத்தறதுக்கு வட்டியில சலுகை. பழைய மெஷின் போய், பி.எல்.சி.யும் வி.எஃப்.டி.யும் வச்ச மெஷின் வந்து நின்னுச்சு. எங்க நின்னுச்சு? அதே பழைய கட்டடத்துல, அதே பழைய எர்த்துக் கம்பி மேல.

இங்கதான் எர்த்துக்கு மூணாவது அர்த்தம் வருது. பழைய ரிலே பேனல்ல காயில் 230 வோல்ட்டுக்குத்தான் இழுக்கும். பக்கத்துக் கம்பியில இருந்து நாலு வோல்ட் தவறி வந்தா அதுக்கு உறைக்காது, எருமை மேல மழை. பி.எல்.சி.யோட இன்புட் 24 வோல்ட் டி.சி., சில மில்லி ஆம்பியர். உள்ள இருக்கிற சிப்புக்கு அஞ்சு வோல்ட்டோ அதுக்கும் கீழயோ. அதுக்கு "பூஜ்யம் எது?"ன்னு ஒரு உறுதியான பதில் வேணும். பூஜ்யமே மேலயும் கீழயும் ஆடினா, ஒண்ணு எது, பூஜ்யம் எதுன்னு அதால சொல்ல முடியாது. சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, எர்த்துங்கறது அதுக்கு ரெஃபரன்ஸ்.

பக்கத்துலயே வி.எஃப்.டி. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்க, அது கரண்டை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புது. ஒவ்வொரு வெட்டுக்கும் மோட்டார் கேபிள்ல இருந்து கொஞ்சம் கரண்ட் எர்த்துக் கம்பிக்குக் கசியும். அந்தக் கரண்ட் திரும்பி வி.எஃப்.டி.க்குப் போகணும். போற வழியில உங்க பி.எல்.சி.யோட எர்த்தும் அதே கம்பியில தொங்கிட்டிருந்தா, பூஜ்யம் ஆடும்.

இப்போ மறுபடி அந்த மில்லுக்கு வருவோம். அங்க எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன் ஒருத்தர் இருந்தார். ரிட்டயர் ஆக ஒரு வருஷம் பாக்கி. நாங்க தனிக்குழி வெட்டினப்ப அவர் லீவுல இருந்தார், மக கல்யாணம். ஆயிலர் அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, பேனல் கரண்டை ஆஃப் பண்ணிட்டு, என்னைக் கூப்பிட்டார். திட்டுவார்னு பார்த்தேன். பேனலோட அடிப்பக்கம் டார்ச் அடிச்சார். உள்ள வர்ற கேபிள், கிளாண்டு இல்லாம தகட்டு ஓட்டையில நேரா நுழைஞ்சு, அதிர்வுல தேய்ஞ்சு, ஃபேஸ் கம்பி பேனல் உடம்புல ஒட்டியிருந்துச்சு.

"ஃபேஸு பாடியில பட்டுருக்குது. ஃபியூஸ் ஏன் போகல, தம்பி?"

"எர்த்து நல்லாத்தான் இருக்குதுங்ணா. அஞ்சு ஓம்தான் காட்டுச்சு."

"அது செரி. கரண்டு எங்க திரும்பிப் போகோணும்?"

"எர்த்துக்குங்ணா."

"மண்ணுக்குள்ள போயி அது என்ன பண்ணும், குடியிருக்குமா? ட்ரான்ஸ்ஃபார்மர்ல இருந்து வந்துச்சு. ட்ரான்ஸ்ஃபார்மருக்குத்தான் போகோணும்."

நாலு வருஷம் படிச்சு, அரியர் இல்லாம பாஸ் பண்ணி, இதை நான் ஒரு நாள் கூட இப்படி யோசிச்சதில்ல. அவர் ஒரு சிகரெட் அட்டையைக் கிழிச்சுக் கணக்குப் போட்டுக் காட்டினார். நீங்களும் போடுங்க. நம்ம புதுக் குழி 5 ஓம். ட்ரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலோட குழி 1 ஓம். கரண்ட் ஒரு குழியில இறங்கி, மண்ணு வழியா போய், இன்னொரு குழியில ஏறணும். மொத்தம் 6 ஓம். 240 வோல்ட்டை ஆறால வகுத்தா 40 ஆம்பியர். பேனலுக்கு நாங்க போட்ட ஃபியூஸ் 63 ஆம்பியர். நாற்பது ஆம்பியர் வருஷக்கணக்கா ஓடினாலும் அந்த ஃபியூஸ் சிரிச்சுக்கிட்டே இருக்கும். அந்த நேரம் பூரா பேனல் உடம்பு, தரையை வச்சுப் பார்த்தா, நாற்பதை அஞ்சால பெருக்கினா வர்ற 200 வோல்ட்டுல நிக்கும். பக்கத்து ரிங் ஃப்ரேம் பழைய மெயின் எர்த்துல, அதாவது நியூட்ரலோட சேர்ந்த வலையில இருக்கு. அதனால ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட முழு 240. அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஆயிலர் அண்ணன் கை வச்சார்.

நான் கழட்டிப் போட்ட பழைய பச்சைக் கம்பி இருந்திருந்தா? அது செம்பு. ட்ரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் போய்த் திரும்பற மொத்த வழியும் 0.2 ஓம்னு வைங்க. 240ஐ 0.2ஆல வகுத்தா 1200 ஆம்பியர். கம்பி தகட்டுல பட்ட அந்த நொடியே ஃபியூஸ் போயிருக்கும். ஒரு "டப்" சத்தம், ஃபேன் நிக்கும், ஸ்பின்னிங் மாஸ்டர் முறைப்பார், அவ்வளவுதான். ஃபியூஸைப் போக வைக்கிறது மண்ணு இல்ல, கம்பி. குழிக்கு வேற வேலை இருக்கு, இடி, மேல இருந்து தவறி வர்ற ஹைவோல்டேஜ், இப்படி. பேனல்ல கை வைக்கிறவரைக் காப்பாத்தறது பெரும்பாலும் அந்தக் கம்பிதான்.

அப்புறம் மேனுவலை அவர்கிட்டக் காட்டினேன். "தனி எர்த்துன்னு போட்டிருக்குதுங்ணா." அவர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தார். படத்துல பி.எல்.சி.யில இருந்து ஒரு கோடு நேரா கீழ வந்து, மெயின் எர்த்து பார்ல முடியுது. வி.எஃப்.டி.க்கு வேற ஒரு கோடு, அதுவும் அதே பார்ல முடியுது. குழியே அந்தப் படத்துல இல்ல. டெடிகேட்டட்னு அவங்க எழுதினது கம்பியை. யாரோடயும் பங்கு போடாத தனிக் கம்பி, ஆனா போய்ச் சேர்ற இடம் எல்லாருக்கும் ஒண்ணு. நான் தமிழ்ல யோசிச்சேன், "தனி எர்த்து"ன்னு படிச்சேன், எங்க ஊர்ல எர்த்துன்னா குழி. குழியைத் தனியாக்கிட்டேன்.

இது கோயம்புத்தூர்க்காரங்க மட்டும் பண்ண தப்புன்னு நினைச்சு ரொம்ப நாள் வெட்கப்பட்டேன். அப்புறம் படிக்கும்போதுதான் தெரிஞ்சது, கம்ப்யூட்டரும் சி.என்.சி. மெஷினும் வந்த புதுசுல அமெரிக்காவுலயும் இதே கூத்து. மெஷின் விக்கிறவங்களே, எங்க மெஷினுக்குத் தனியா ஒரு ராடு அடிங்க, கட்டடத்து எர்த்தோட சேர்க்காதீங்கன்னு கேட்டிருக்காங்க. 1992ல ஐ.ட்ரிபிள் ஈ. எமரால்டு புக்னு ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டுச்சு, எலக்ட்ரானிக் கருவிகளுக்கு எப்படிக் கரண்டும் எர்த்தும் கொடுக்கணும்னு. கட்டடத்து எர்த்தோட சேராத தனி ராடு ஆபத்துன்னு அதுல தெளிவா எச்சரிச்சிருக்காங்க. நான் குழி வெட்டினது அதுக்குக் கால் நூற்றாண்டு கழிச்சு.

உங்களுக்கு ஒரு கேள்வி வரும். குழி தப்புன்னா, ரீசெட் ஏன் நின்னுச்சு? எனக்கும் வந்துச்சு. நின்னது, பழைய கம்பியைக் கழட்டினதால. அந்தப் பழைய கம்பி வி.எஃப்.டி. பேனல்ல தொட்டு, அங்க இருந்து எங்க பேனலுக்குத் தாவி வந்துச்சு. வி.எஃப்.டி. கசிவு பூரா எங்க பூஜ்யத்தை ஆட்டிட்டுப் போச்சு. கழட்டினதும் ஆட்டம் நின்னுச்சு, புதுக் குழிக்குப் பேர் கிடைச்சது. சொல்லப்போனா, வி.எஃப்.டி. சத்தம் மெகாஹெர்ட்ஸ்ல இருக்கும்போது குழி எதுக்கும் உதவாது. ஒரு மீட்டர் கம்பிக்கு சுமாரா ஒரு மைக்ரோஹென்றி. அம்பது மீட்டர் கம்பி இழுத்து குழிக்குப் போனா, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு அது 300 ஓமுக்கு மேல. மீட்டர்ல குழி ஒரு ஓம் காட்டலாம், அந்த சத்தத்துக்கு எதிர்ல ஒரு சுவர்.

அன்னிக்கு ராத்திரியே வேலையை ஆரம்பிச்சோம். ஃபோர்மேன் முதல்ல பண்ணது, எங்க குழியையும் மெயின் எர்த்தையும் ஜி.ஐ. பட்டை போட்டு ஒண்ணாக்கினது. வெட்டின குழியை மூடல; வலையில ஒண்ணு கூடுதலா இருந்துட்டுப் போகட்டும்னார். அப்புறம் மெயின் எர்த்து பார்ல இருந்து எங்க பேனலுக்குன்னு தனியா ஒரு தடிச்ச செம்புக் கம்பி, வழியில எங்கயும் தொடாம. வந்த கேபிளுக்கு கிளாண்டு.

மீதி வேலை எல்லாம் நான் முதல்லயே பண்ணியிருக்க வேண்டியது. பேனலுக்குள்ள பி.எல்.சி. நிக்கிற தகடு பூரா அழகா பெயின்ட் அடிச்சிருந்தோம். பெயின்ட் இன்சுலேட்டர். போல்ட் அடியில சுரண்டி, பல் வச்ச வாஷர் போட்டு இறுக்கினோம். கதவுக்கு, கீலை நம்பாம, தட்டையான பின்னல் செம்புப் பட்டை போட்டோம். ஒரே டக்ட்ல மோட்டார் கேபிளும் சென்சார் கம்பியும் ஒண்ணா படுத்துத் தூங்கிட்டிருந்துச்சு. பிரிச்சோம், குறுக்க போயே ஆகணும்ங்கற இடத்துல நேர் குறுக்கா, தொண்ணூறு டிகிரியில போக விட்டோம். ஈரப்பதம் அளக்கிற சென்சாரோட 4-20 மில்லி ஆம்பியர் கேபிள்ல ஷீல்டை ரெண்டு முனையிலயும் எர்த்து பண்ணியிருந்தேன், ஆர்வக்கோளாறு. ரெண்டு முனையிலயும் எர்த்து வோல்டேஜ் ஒரே மாதிரி இல்லைன்னா, ஷீல்டுலயே கரண்ட் ஓட ஆரம்பிச்சிடும். சென்சார் பக்கம் வெட்டிட்டு, பேனல் பக்கம் மட்டும் வச்சோம். ரீடிங் 62ல வந்து உக்காந்துச்சு.

கடைசியா எமர்ஜென்சி பட்டன். அவர் அதை அமுக்கினார். ஃபேன் நின்னுச்சு. "இது எப்பிடி நிக்குது?"ன்னு கேட்டார். பெருமையா சொன்னேன், பட்டன் பி.எல்.சி. இன்புட்டுக்கு வருது, புரோகிராம்ல பார்த்து அவுட்புட்டை ஆஃப் பண்றேன்னு.

"உன்ற டப்பா மூணு மாசமா ராத்திரி ராத்திரி மயக்கம் போட்டு விழுந்துச்சே. அந்நேரத்துக்கு ஒருத்தன் கை மாட்டுனா, அது எந்திரிக்கற வரைக்கும் இருக்கச் சொல்லோணுமா?"

பட்டனை நேரா கான்டாக்டர் காயில் லைன்ல போட்டோம். அமுக்கினா கம்பியே அறுந்த மாதிரி, கரண்ட் கட். கம்பி எங்கயாவது தானா அறுந்தாலும் மெஷின் நிக்கும். பி.எல்.சி.க்கு ஒரு தகவல் மட்டும் போகும், "நிறுத்திட்டாங்க"ன்னு. இதுவும் நான் கண்டுபிடிச்சது இல்ல, மெஷின் பாதுகாப்பு விதிமுறைகள்ல ரொம்ப காலமா இருக்கறதுதான். ஆனா இப்போ ஆபீஸ்ல யாராவது, "இதை சாஃப்ட்வேர்லயே ஹேண்டில் பண்ணிக்கலாம்"னு சொன்னா, எனக்கு அந்த டார்ச் வெளிச்சம் ஞாபகம் வரும்.

இதையெல்லாம் கேட்டுட்டு வீட்டு போர்டைத் திறந்துடாதீங்க. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அவர் குழி வெட்டணும்னு சொன்னா, வெட்டுங்க, ஆனா பழைய எர்த்தோட சேர்த்துக் கட்டுவாரான்னு மட்டும் கேட்டுக்குங்க.

விடிகாலை நாலரைக்கு எல்லாம் முடிஞ்சது. கரண்ட் போட்டோம். பேனல் உடம்புக்கும் ரிங் ஃப்ரேமுக்கும் நடுவுல மீட்டர் வச்சேன். பூஜ்யம். பெரிய ஃபேனை முழு வேகத்துக்கு ஏத்தினோம். பி.எல்.சி. அசையல. ஃபோர்மேன் மீட்டரைப் பார்த்தார், அப்புறம் புறங்கையால பேனலைத் தொட்டார், அப்படியே இன்னொரு கையை ரிங் ஃப்ரேம்ல வச்சார். என்னைப் பார்த்தார். நானும் வச்சேன்.

ஆறு வாரம் கழிச்சு ஆயிலர் அண்ணன் மாவுக்கட்டு பிரிச்சு வேலைக்கு வந்தார். நான் அன்னிக்கு சைட்ல இருந்தேன். ரிங் ஃப்ரேம் ஓரமா வந்து நின்னு, எங்க பேனலை ஒரு நிமிஷம் பார்த்தார். "தொடலாமுங்களா?"ன்னு கேட்டார். அவர் என்னைவிட இருபது வயசு பெரியவர், என்கிட்ட "ங்களா" போட்டுக் கேட்டார். எனக்கு பதில் வரல, தலையை மட்டும் ஆட்டினேன். அவர் தொடல. சுத்திக்கிட்டு அந்தப் பக்கமா போயிட்டார். நான் அந்த மில்லுக்குப் போய்ட்டிருந்த வரைக்கும் அவர் அந்தப் பக்கமாத்தான் போனார்.

அடுத்த எபிசோடு பம்ப்செட்டும் கண்டென்சரும். ரெண்டு ஃபேஸ்ல மூணு ஃபேஸ் மோட்டாரை ஓட்டின ஒரு தலைமுறையோட கதை. தாத்தா தோட்டத்துக்குப் போய் ரெக்கார்ட் பண்ணப்போறேன். பார்க்கலாம்.